பேசுமுன் கேட்கக் கற்றவர்கள்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரு நாள் பொழுதில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டித் தீர்த்தது. பாகூர் மக்களுக்கோ மழை ஓய்ந்த பின்னரே பெருந்துன்பம் வந்தது. திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து நீர் பெருமளவில் திறந்துவிடப்பட, தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர்ப் பகுதிச் சிற்றூர்களுக்குள் புகுந்தது. வில்லியனூர்ப் பக்கத்தில் சங்கராபரணி பெருக்கெடுத்தது. நெல்வயல்கள் நீருள் மறைந்தன.

பெண்ணையாறு பாகூருக்கு அந்நியமன்று. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரியை நிரப்பி வருவதே அந்த ஆறுதான். ஊட்டி வளர்த்த ஆறு ஊரையே ஏன் மூழ்கடிக்க வேண்டும்? தனியொரு புயலுக்கு ஒரே காரணத்தைச் சொல்லிவிட இயலாது. ஆயினும், காற்று வெப்பமுறும்போது அது தாங்கும் ஈரம் மிகுகிறது என்பதும், அதனால் பெருமழைகள் மேலும் கடுமையாகின்றன என்பதும் அறிவியலார் நிறுவிய உண்மைகள். அந்த வெப்பத்துக்குக் காரணமான புகையோ பெரும்பாலும் பாகூரில் எழுந்ததன்று. அதைக் குறைப்பது பற்றிய பேச்சு, 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் நாடுகளின் கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட உடன்படிக்கையின்படி, 1995 முதல் ஏறத்தாழ ஆண்டுதோறும் ஏதோ ஒரு தொலைதூர நகரில் நடந்து வருகிறது.

அந்த மாமன்றத்தில் நம் சிற்றூர்களுக்காகப் பேசுவோர் யார்? 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில், சாத்தனூர் அணை அமைந்துள்ள அதே திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் என்னும் பள்ளி மாணவி உரையாற்றியது தமிழர்க்கெல்லாம் பெருமை. ஆனால் மேடையுரை முடிந்த பின்னர், மூடிய கதவுகளுக்குப் பின்னே ஒவ்வொரு சொல்லுக்கும் நாடுகள் மல்லுக்கு நிற்கும் வேலை தொடங்குகிறது. அந்த வேலைக்கு இளையோரை ஆயத்தம் செய்வது எவ்வாறு? இதில் நெடுங்காலப் பழக்கமுள்ள ஒரு சிறு கூட்டத்தாரின் வரலாறு நம் கவனத்துக்குரியது.

அவர்களே குவேக்கர்கள். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய நண்பர்கள் சங்கத்தினர். வழிபாட்டிலும் கோட்பாட்டிலும் நம்மினின்று வேறுபட்டவர்கள். நாம் போற்றும் திருவருட்சாதனங்களை அவர்கள் புறச் சடங்குகளாக நிகழ்த்துவதில்லை. மௌனமாய் அமர்ந்து காத்திருப்பதே அவர்களது தொன்மையான வழிபாடு. போரை மறுத்தமைக்காகச் சிறை சென்றோர் அவர்களுள் பலர். போரால் சிதைந்த மக்களுக்கு ஆற்றிய தொண்டுக்காக அவர்களுடைய பிரிட்டானிய, அமெரிக்க அமைப்புகள் இரண்டும் 1947-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றன. மறு ஆண்டே ஐக்கிய நாடுகள் அவையில் ஆலோசனை கூறும் தகுதி அவர்களுக்குக் கிடைத்தது.

அவர்களது கூட்டங்களில் வாக்கெடுப்பு இல்லை. எழுத்தர் ஒருவர் எல்லாரும் கூறுவதைக் கேட்டு, சபையின் ஒருமித்த கருத்து எதுவெனத் தெளிந்து எழுதி வாசிப்பார். ஒருவருடைய மனம் இசையவில்லையெனில் மீண்டும் மௌனம், மீண்டும் கேட்டல். இதில் வியப்பானது ஒன்றுண்டு. உலகப் பருவநிலை மாநாட்டிலும் வாக்கெடுப்பு இல்லை! வாக்களிப்பு பற்றிய விதியில் நாடுகள் இணங்காமற் போகவே, 1995 முதல் முடிவுகள் யாவும் ஒருமித்த இசைவாலேயே எடுக்கப்படுகின்றன. குவேக்கர் பிள்ளைகள் தம் சிற்றூர்க் கூட்டத்தில் பழகிய பொறுமைதான் அங்கும் வேண்டப்படுகிறது.

ஜெனீவாவிலுள்ள அவர்களது அலுவலகம் 1955 முதல் இளையோருக்குக் கோடைகாலப் பயிற்சி நடத்தி வந்துள்ளது. ஐ.நா. நிறுவனங்கள் இயங்கும் முறையை இளையோர் அங்கே நேரிற் காண்கின்றனர். எதிரெதிர் நாட்டுப் பேச்சாளர்களை ஒரே மேசையில் உணவருந்த அழைத்து, சொன்னவர் பெயரை வெளியிடாமல் மனம்விட்டுப் பேசச் செய்வதும் அவ்வலுவலகத்தின் நெடுநாள் வழக்கம். பருவநிலைப் பேச்சாளர்களுக்கும் அவ்வாறே செய்து வந்துள்ளனர். பயிற்சியின் சாரம் இதுவே: எதிரி என நாம் எண்ணுபவரின் அச்சத்தையும் கேட்டறிந்த பின்னரே நம் கருத்தைச் சொல்ல வேண்டும்.

இவ்வழி தமிழகத்துக்குப் புதிதன்று. 1905-இல் இங்கிலாந்தில் பிறந்த மார்ஜரி சைக்ஸ் அம்மையார், 1928-இல் சென்னை வேப்பேரி பெண்டிங்க் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தார், தமிழ் கற்றார், குவேக்கர் ஆனார். காந்தியடிகளின் ஆதாரக் கல்விப் பணியில் சேவாகிராமத்தில் உழைத்த பின், நீலகிரியின் கோத்தகிரியில் தங்கி, அமைதிப் பணியை விரும்பி வந்தோர்க்குச் சிறு குழுக்களாகப் பயிற்சி அளித்தார். பிறர்க்குக் கற்பித்ததைத் தாமே செய்துகாட்டும் வேளையும் வந்தது. 1964-இல் நாகாலாந்தில் போர்நிறுத்தம் ஏற்பட்டபோது, அமைதிப் பார்வையாளர் குழுவில் இணைந்து, துப்பாக்கி ஏந்திய இரு தரப்பாரின் குறைகளையும் கேட்கும் பணியை ஏற்றார். 1995-இல் மறைந்தார்.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடுகள், 9-ஆம் நூற்றாண்டில் பாகூரிலிருந்த உயர்கல்விக் கூடத்துக்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டதைக் கூறுகின்றன. இளையோர் கல்விக்கு ஊர்களின் வருவாயையே ஒதுக்கிய மண் இது. அக்கல்வி எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் பின்னர், 1999-இல் ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியுடன் புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கிற்று. அப்போது அமைந்த ஏரிச் சங்கங்களில், நிலமுடையோரோடு நிலமற்றோரும் பெண்களும் இடம்பெற்றனர். எந்த மதகை எப்போது திறப்பது, கரையை யார் காப்பது என அமர்ந்து பேசினர். கடைமடைக்காரனின் குரலைக் கேளாமல் தலைமடைக்காரன் முடிவெடுத்தல் தகாது என்பதைக் கற்க அதைவிடச் சிறந்த பள்ளி வேறில்லை.

ஆனால் அத்தகைய பள்ளிகள் நம்மிடையே அருகிவிட்டன. வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு 1968-க்குப் பின் 2006-இல்தான் தேர்தல் நடந்தது. அப்போது தேர்வானோரின் காலம் 2011-இல் முடிந்தபின் நெடுங்காலம் தேர்தலே இல்லை. ஒரு முழுத் தலைமுறை, தன் ஊர்மன்றத்தில் எழுந்து பேசவும் அமர்ந்து கேட்கவும் வாய்ப்பின்றி வளர்ந்துவிட்டது. ஊர் ஏரியைப் பற்றிப் பேசப் பழகாதவர் உலகத்தின் வெப்பத்தைப் பற்றி எங்ஙனம் பேசுவார்?

நம் திருச்சபை இதில் வாளாவிருக்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலைத் தந்தார். 2022-இல் திருப்பீடம் பருவநிலை உடன்படிக்கையிலும் பாரிஸ் ஒப்பந்தத்திலும் உறுப்பினராய் இணைந்தது. மாமன்றத்தில் நமக்கோர் இருக்கை உண்டு. அந்த இருக்கைக்குச் செய்தி அனுப்ப வேண்டியவை நம் பங்குகள் அல்லவா?

ஆதலின் தொடக்கம் எளியதாகவே இருக்கட்டும். வில்லியனூர் லூர்தன்னை திருத்தலக் குளக்கரையிலோ பாகூர் ஏரிக்கரையிலோ பங்கு இளையோர் ஒரு மாலைப்பொழுது கூடட்டும். வெள்ளத்தில் பயிர் இழந்த உழவரையும், கூலி இழந்த பெண்ணையும், மீனவரையும், சமய வேறுபாடின்றி அழைத்து, இடைமறிக்காமல் கேட்கட்டும். கேட்டதை எழுதட்டும். அதன்பின் பேசட்டும். இளமையில் அரியணை ஏறிய சாலமோன், செல்வத்தையோ நீண்ட ஆயுளையோ கேளாமல், செவிமடுத்துத் தெளியும் உள்ளத்தையே இறைவனிடம் வேண்டினார். நம் பிள்ளைகளுக்காக நாமும் அதனையே வேண்டுவோம்.