இசைத்தட்டிலிருந்து எழுந்து வந்தவர்

ஒருவரது குரலை மட்டும் பல்லாண்டு காலம் கேட்டுப் பழகியபின், அவரை ஒரு நாள் நேரிற் காண்பது தனியொரு அனுபவமாகும். வானொலி கேட்கும் உங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. முகமறியாக் குரலுக்கு நாமே ஒரு முகத்தைக் கற்பனை செய்து வைத்துக்கொள்கின்றோம். 1963ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் றோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோர்ட் நகரில் நிகழ்ந்த நாட்டாரிசை விழாவிலே, இவ்வனுபவம் பலருக்கு ஒருங்கே வாய்த்தது. எழுபது வயதளவினரான கறுப்பினத்தவர் ஒருவர் கிற்றாருடன் மேடையேறினார். அவரே ஜோன் ஹேர்ட். அவருடைய பழைய இசைத்தட்டுகளைப் போற்றி வந்தோரிற் பலர், அவர் என்றோ இறந்திருப்பார் என்றே எண்ணியிருந்தனர்.

அவர் இசைத்தது புளூஸ் எனப்படும் இசைவகை. அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள், அமெரிக்காவின் தென்பகுதியிலே, உழைப்பையும் பிரிவையும் வறுமையையும் பொருளாகக் கொண்டு வளர்த்தெடுத்த இசை அது. ஹேர்ட் மிசிசிப்பி மாநிலத்து அவலன் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர். கிற்றாரைத் தாமே பயின்றவர். பெருவிரலால் கீழ்ச்சுரங்களைத் தாளம் பிசகாது ஒலிக்கச் செய்து, ஏனைய விரல்களாற் பாட்டின் மெட்டை மீட்டுவது அவரது முறை. உரத்துப் பாடுபவர் அல்லர். அருகிலிருப்பவரோடு பேசுவது போன்ற மென்மையான குரலினர்.

அயலூர்ப் பிடில் கலைஞரான வில்லி நார்மோர் என்னும் வெள்ளையரின் பரிந்துரையால், ஒக்கே என்ற இசைத்தட்டு நிறுவனத்தார் 1928ஆம் ஆண்டில் ஹேர்ட்டை அழைத்தனர். அவ்வாண்டு பெப்ரவரியில் மெம்பிஸ் நகரிலும், டிசம்பரில் நியூயோர்க்கிலும் அவருடைய பாடல்கள் பதிவாயின. தட்டுகள் பெரிதும் விலைபோகவில்லை. அடுத்த ஆண்டிலே பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிற்று. ஹேர்ட் ஊருக்குத் திரும்பி, வயல்வேலையிலும் கூலிவேலையிலும் காலங்கழித்தார். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் இவ்வாறே சென்றன.

ஆயினும் தட்டுகள் அழியவில்லை. 1952ஆம் ஆண்டில் ஹரி சிமித் என்பார் பழைய இசைத்தட்டுகளிலிருந்து தெரிந்தெடுத்து வெளியிட்ட அமெரிக்க நாட்டாரிசைத் தொகுப்பில் ஹேர்ட்டின் பாடல்கள் இரண்டு இடம்பெற்றன. இளைஞர் பலர் அவற்றைக் கேட்டு, அவ்விரல்வித்தையைக் கற்க முயன்றனர். இத்தகையவர் யார், எங்குள்ளார் என்பதோ எவருக்கும் தெரியாதிருந்தது.

விடை ஒரு பாட்டினுள்ளேயே இருந்தது. நியூயோர்க்கிற் பதிவான ஒரு பாடலில், அவலன் தம் சொந்த ஊர் என்று ஹேர்ட் பாடியிருந்தார். புதிய வரைபடங்களில் அப்பெயரைக் காணவில்லை. ரிச்சர்ட் ஸ்பொட்ஸ்வுட் என்ற இசைத்தட்டுச் சேகரிப்பாளர் பழைய தேசப்படத் தொகுதியொன்றில் அதனைக் கண்டுபிடித்தார். அவர் நண்பர் ரொம் ஹொஸ்கின்ஸ் 1963ஆம் ஆண்டின் முற்பகுதியில் அவ்வூருக்குப் பயணமாகி, அங்கிருந்தோரிடம் விசாரித்தார். ஹேர்ட்டின் வீட்டிற்கு உடனே வழிகாட்டினர். நான் என் மாணவருக்கு இதனைக் கூறுவதுண்டு. உலகத்துக்குத்தான் அவர் காணாமற் போயிருந்தார், ஊருக்கு அல்லர். முப்பத்தைந்து ஆண்டுகளாக எவரும் சென்று கேட்கவில்லை என்பதே உண்மை.

அந்நாளில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களுட் பெரும்பாலோர்க்கு வாக்களிக்கும் உரிமை நடைமுறையில் மறுக்கப்பட்டிருந்தது. நியூபோர்ட் விழாவுக்கு முந்திய மாதமாகிய யூனில்தான், அம்மாநிலத்தின் உரிமைப் போராட்டத் தலைவர் மெட்கர் எவர்ஸ் தம் வீட்டு வாயிலிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தகைய மண்ணிலிருந்து வந்த முதியவர் ஒருவரை, பெருங்கூட்டம் அமைதியாக அமர்ந்து செவிமடுத்தது என்பதை நாம் மறத்தலாகாது. கீறல் ஒலிகளினூடே கேட்டுப் பழகிய அதே மீட்டலை, அன்பர்கள் அன்று கீறலின்றிக் கேட்டனர். அதனை எழுப்பும் விரல்களையும் கண்டனர்.

அடுத்த ஆண்டு வேறு இரு முதுகலைஞர்களும் இவ்வாறே தேடிக் கண்டறியப்பட்டனர். ஸ்கிப் ஜேம்ஸ் மிசிசிப்பியில் ஒரு மருத்துவமனையிற் படுத்திருந்தார். சன் ஹவுஸ் என்பாரைத் தெற்கெங்கும் தேடியவர்கள், இறுதியில் அவர் வடக்கே நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டர் நகரில் வாழ்வதை அறிந்தனர். அவர் பல்லாண்டுகளாகக் கிற்றாரைத் தொடவில்லை. தம் பாடல்களின் வாசிப்பையே மறந்திருந்தார். பழைய தட்டுகளைக் கேட்டுப் பயின்ற அலன் வில்சன் என்னும் இருபத்தொரு வயதளவான இளைஞர், ஆசானின் வாசிப்பை ஆசானுக்கே மீண்டும் நினைவூட்டினார். ஆசிரியத் தொழிலில் முடி நரைத்த எனக்கு, இந்நிகழ்ச்சி எப்போதும் உள்ளத்தை உருக்குவது. மாணவன் கவனத்துடன் கேட்டு வைத்திருந்தமையாலன்றோ ஆசானின் கலை ஆசானிடமே திரும்பிற்று!

ஹேர்ட் பின்னர் வாஷிங்டனிற் சில காலம் வாழ்ந்தார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தார் அவர் பாடல்களைப் பதிவு செய்தனர். கல்லூரிகளிலும் விழாக்களிலும் பாடினார். 1966ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி, மிசிசிப்பி மாநிலத்திலேயே காலமானார். கண்டெடுக்கப்பட்ட பின் அவருக்குக் கிடைத்தவை நான்கு ஆண்டுகள்கூட நிறையாதவை.

நெடுங்காலம் விரும்பிக் கேட்ட கலைஞரை நேரிற் கண்டோரின் மகிழ்ச்சி மெய்யானதே. எனினும் அம்மகிழ்ச்சியின் பின்னே ஒரு கணக்கும் உண்டு. அவரது நடுவயது முழுவதும் வயல்வெளியில் கழிந்தது. அப்போது அவர் இயற்றியிருக்கக்கூடிய பாடல்களை எந்தத் தேசப்படத்திலும் தேடிப் பெறுதல் இயலாது. ஆகவே, நேயர்களே, நீங்கள் மதிக்கும் கலைஞர் இன்று உயிரோடிருப்பின், அவரைச் சென்று காண்பதை அடுத்த ஆண்டுக்கென ஒத்திவையாதீர்கள்.