புற நரம்புக் காயம்

புற நரம்புக் காயம் என்பது மூளைக்கும் தண்டுவடத்திற்கும் வெளியே உள்ள நரம்புகள் நசுங்குதல், இழுபடுதல், வெட்டுப்படுதல் போன்றவற்றால் சேதமடைவதைக் குறிக்கும். பிரித்தானிய அறுவை மருத்துவர் எர்பர்ட் செடன் 1943 ஆம் ஆண்டில் இதனை மூன்றாக வகைப்படுத்தினார். 1951 இல் ஆத்திரேலியரான சிட்னி சண்டர்லேண்ட் இதனை ஐந்து படிநிலைகளாக விரித்தார்.

வகைகள்

* நியூராப்ராக்சியா: ஆக்சான் அறுபடாது, மயலின் உறை பாதிப்பால் குறிப்பலை தடைபடும். பொதுவாக மூன்று மாதங்களுக்குள் குணமாகும்.
* ஆக்சனோட்மெசிஸ்: ஆக்சான் அறுபடும், சுற்றியுள்ள இணைப்புத்திசு உறை முழுமையாகவோ பகுதியாகவோ எஞ்சியிருக்கும்.
* நியூரோட்மெசிஸ்: நரம்பு முழுவதும் துண்டிக்கப்படும். அறுவைச் சிகிச்சையின்றிப் பயனுள்ள மீட்சி கிட்டாது.

முதல் சில நாட்களில் இம்மூன்றும் ஒரே வகையான செயலிழப்பாகவே தோன்றக்கூடும்.

குணமாகும் முறை

அறுபட்ட இடத்திற்கு அப்பாலுள்ள ஆக்சான் சிதைந்துவிடும். அகஸ்டஸ் வாலர் 1850 இல் தவளையின் நாக்கு நரம்புகளில் இதனைக் கண்டு விவரித்தமையால் இது வாலரியச் சிதைவு எனப்படுகிறது. எச்சங்கள் அகற்றப்பட்டபின் சுவான் செல்கள் வரிசையாக அமைந்து, புதிதாக முளைக்கும் ஆக்சானுக்கு வழிகாட்டுகின்றன. உறை எஞ்சியிருந்தால் ஆக்சான் பழைய பாதையிலேயே செல்லும். இல்லையெனில் வழிதவறி வலிமிக்க நரம்புக்கட்டியாகத் திரளக்கூடும்.

ஆக்சான் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வளரும். எனவே 400 மி.மீ. தொலைவிலுள்ள தசையை அடைய ஓராண்டுக்கு மேலாகும். நரம்புத் தொடர்பற்ற தசையோ 12 முதல் 18 மாதங்களில் மீளா நலிவை நெருங்கும். ஆகவே தெளிவாக வெட்டுப்பட்ட நரம்பை இயன்றவரை சில நாட்களுக்குள் தைத்து இணைப்பர். இடைவெளி பெரிதாயின் கெண்டைக்காலின் சூரல் நரம்பிலிருந்து துண்டு எடுத்து ஒட்டுவர்.