இருபத்திரண்டு வருட பயம்

மும்பைக்கு வந்து பதினாறு வருடம் ஆகிவிட்டது. மேமோகிராம், ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் பிழைப்பு. நம்ம ஊர்க்காரர்கள் வந்தால் ரிப்போர்ட்டோடு கொஞ்சம் பேச்சும் சேர்ந்துகொள்ளும். அப்படித்தான் தென்காசிப் பக்கத்து அம்மா ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. வலது பக்க மார்பு வளரவே இல்லை.

"கிரகணத்தன்னைக்கு வெளிய வந்துட்டேன் டாக்டரம்மா, என் தப்புதான்" என்று அழுதார். பத்தொன்பது வருடமாக மனசுக்குள் வைத்திருந்த வார்த்தை. அவரிடம் சொன்னதையே கொஞ்சம் சரித்திரம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

1841-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஆல்ஃபிரெட் போலண்ட் என்ற மாணவர், அறுத்துப் படித்த ஒரு சடலத்தில் ஒரு பக்க மார்புத் தசை இல்லாததைப் பார்த்துக் குறித்து வைத்தார். 1962-ல் இந்தக் குறைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். சிலருக்கு அதே பக்கத்துக் கைவிரல்களும் ஒட்டியிருக்கும். கரு உருவாகும் முதல் வாரங்களில் அந்தப் பக்கம் ரத்த ஓட்டம் குறைவதே காரணம் என்று கருதுகிறார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, வைத்தியம்? 1895-ல் ஹைடல்பெர்க்கில் வின்சென்ஸ் செர்னி என்ற சர்ஜன், மார்பில் கட்டி எடுத்த ஒரு பாடகிக்கு, அவர் உடம்பிலேயே இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்துப் பள்ளத்தை நிரப்பினார். 1962-ல் ஹூஸ்டனில் சிலிகோன் பை வந்தது. ஆனால் தசையே இல்லாதவர்களுக்குக் காறை எலும்புக்குக் கீழே இருக்கும் குழியைப் பை மட்டும் சரியாக நிரப்பாது.

1970களின் கடைசியில் பாரிஸில் இலூஸ் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறையைப் பரப்பினார். எடுத்ததை மார்பில் செலுத்தலாமே என்று சிலர் ஆரம்பித்தார்கள். 1987-ல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி சங்கத்தின் குழு 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டது. செலுத்திய கொழுப்பில் ஒரு பகுதி செத்துச் சுண்ணாம்பாகப் படியும், மேமோகிராமில் புற்றுநோயை அது மறைத்துவிடும் என்று பயந்தார்கள்.

இது என் துறை சம்பந்தப்பட்ட பயம். நியாயமான பயமும்கூட. ஆனால் மார்பைச் சிறிதாக்கும் ஆபரேஷனிலும் இதே சுண்ணாம்பு படியும். அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை! பிறவிக் குறையோடு வந்த பெண்களுக்குத்தான் ஒரு வழி அடைபட்டது.

அதைத் திறந்தவர்கள் பொறுமைசாலிகள். நியூயார்க்கில் சிட்னி கோல்மன், கொழுப்பைச் சுழற்றிச் சுத்தம் செய்து, மெல்லிய குழாயால் துளித் துளியாகப் பல இடங்களில் வைத்தார். துளி சிறிதாக இருந்தால்தான் ரத்தம் எட்டும், கொழுப்பு பிழைக்கும். பிரான்ஸின் லியோன் நகரில் எம்மானுவேல் தெலே 1998 முதல் இதே வழியில் போய், போலண்ட் குறை உள்ளவர்களுக்கும் செய்தார். சுண்ணாம்புப் படிவையும் புற்றுநோயையும் பெரும்பாலும் பிரித்துப் பார்க்க நாங்களும் கற்றுக்கொண்டோம். 2009-ல் அதே அமெரிக்கச் சங்கத்தின் வேறொரு குழு, செய்யலாம் என்று சொன்னது. இருபத்திரண்டு வருடம்!

ஒரே தடவையில் முடியாது. வைத்ததில் ஒரு பங்கு கரைந்துவிடும், திரும்பவும் செய்ய வேண்டியிருக்கும். மிகவும் ஒல்லியானவர்களிடம் எடுக்கக் கொழுப்பே இருக்காது. செய்துகொண்டவர்கள் பிற்காலத்தில் எங்கே மேமோகிராம் எடுத்தாலும் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா, "அப்ப என் தப்பு இல்லையா?" என்றார். இல்லை என்றேன். "கல்யாணத்துக்கு முன்னாடி பண்ணிரலாமா?" என்பது அடுத்த கேள்வி.

அதுவரை வாயே திறக்காத பெண், "நான் யோசிச்சுச் சொல்றேம்மா" என்றாள்.

இன்னும் பதில் வரவில்லை. அவசரமும் இல்லை.