மரக்கட்டையிலிருந்து தன்மதிப்பீடு வரை

ஆண்டு முடிவில் பல அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் பணியாளர் கையில் ஒரு படிவம் தரப்படுகிறது. ‘இவ்வாண்டில் நீங்கள் செய்த பணிகள் யாவை? எதில் குறை நேர்ந்தது? ஏன்?’ என்று அது கேட்கிறது. இதற்குத் தன்மதிப்பீடு என்று பெயர். பலர் இதை வெறும் சடங்காகக் கருதி, கடைசி நாளில் நான்கு வரிகள் எழுதிக் கொடுத்துவிடுகின்றனர். ஆனால், தன்னைப் பற்றிய ஏட்டில் தானே எழுதும் உரிமை பணியாளருக்கு எளிதில் கிட்டியதன்று. அதன் பின்னே இரண்டு நூற்றாண்டு வரலாறு உண்டு.

பேசாத கண்காணி

ஸ்காட்லாந்து நாட்டில் கிளைடு ஆற்றங்கரையில் உள்ளது நியூ லானார்க் என்னும் ஊர். அங்கிருந்த நூற்பாலையின் நிருவாகத்தை 1800-இல் ராபர்ட் ஓவன் ஏற்றார். தொழிலாளரைத் தண்டித்து வேலை வாங்குவதை அவர் விரும்பவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொருவர் அருகிலும் ஒரு சிறு மரக்கட்டையைத் தொங்கவிட்டார். அதன் நான்கு பக்கங்களிலும் நான்கு நிறங்கள்: கறுப்பு என்றால் மோசம், நீலம் என்றால் சுமார், மஞ்சள் என்றால் நன்று, வெள்ளை என்றால் மிக நன்று. முந்தைய நாள் நடத்தைக்கு ஏற்ற நிறம் முன்புறம் தெரியும். ஏடுகளிலும் அது பதிவாகும். இதைப் ‘பேசாத கண்காணி’ என்று அழைத்தனர்.

மேற்பார்வையாளர் தவறாக மதிப்பிட்டதாகக் கருதும் தொழிலாளி, ஏட்டில் பதிவதற்கு முன்பே ஓவனிடம் முறையிடலாம். அக்காலத்தில் இது பெரிய சலுகையே. எனினும், கட்டையைத் திருப்பும் கை தொழிலாளியின் கையன்று.

ஒளிவட்டம் மறைத்த உண்மை

முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் அதிகாரிகளை மதிப்பிட ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. உளவியல் அறிஞர் வால்டர் டில் ஸ்காட் அதனை வகுத்தார். போருக்குப் பின் தொழில் நிறுவனங்களும் இத்தகைய அளவுகோல்களைக் கையாளத் தொடங்கின.

இம்மதிப்பீடுகள் எவ்வளவு நம்பத்தக்கவை? 1920-இல் எட்வர்டு தார்ண்டைக் என்னும் உளவியலார் இதை ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் ஆகியவை வெவ்வேறானவை. ஆனால், ஒன்றில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவருக்கு மற்றவற்றிலும் உயர்ந்த மதிப்பெண்ணே கிடைத்திருந்தது. ஒரு நல்ல குணம் ஒளிவட்டம்போல் பரவி மற்றவற்றைப் பார்க்கவிடாமல் செய்துவிடுகிறது. மேலதிகாரியின் கண் ஒன்றையே நம்பினால் போதாது என்பது இதனால் புலப்பட்டது.

1957-இல் டக்ளஸ் மக்கிரெகர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இம்முறையையே கேள்விக்கு உள்ளாக்கினார். ஒரு மனிதனின் தகுதிக்கு இன்னொரு மனிதன் தீர்ப்புக் கூறுவது இருவருக்குமே சங்கடம் தருவது. ஆதலால் பணியாளரே தம் இலக்குகளை வகுத்து, தம் முன்னேற்றத்தைத் தாமே மதிப்பிடட்டும் என்றார். மேலதிகாரி நீதிபதியாக அல்லாமல் துணைவராக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1965-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நடந்த ஆய்வும் இதை அரண் செய்தது. குறை கூறக் கூறப் பணியாளர் தம்மைக் காத்துக்கொள்ளவே முயன்றனர், திருந்தவில்லை.

நம் கண்ணும் ஏமாற்றும்

அப்படியானால் நம்மை நாமே சரியாக எடைபோட முடியுமா? முழுமையாக முடியாது. 1979-இல் கனடா நாட்டில் ராஸ், சிகோலி என்னும் இருவர் தம்பதியரிடம் வீட்டுப் பணிகளில் தத்தம் பங்கு எவ்வளவு என்று கேட்டனர். இருவர் கூறியதையும் கூட்டினால் முழுமைக்கும் மேலாக வந்தது! இது பொய்யன்று; நாம் செய்தது நம் நினைவில் எளிதில் வருகிறது, பிறர் செய்தது வருவதில்லை.

1999-இல் குரூகர், டன்னிங் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களுக்குச் சில தேர்வுகள் வைத்தனர். கடைசிக் கால்பகுதியில் இருந்தோர், நூறு பேரில் கீழிருந்து சராசரியாக 12-ஆம் இடத்தில் நிற்கவேண்டியவர்கள். ஆனால் தாம் 62-ஆம் இடத்தில் இருப்பதாக எண்ணினர். மிகத் திறமையானவர்களோ தம்மைச் சற்றுக் குறைத்தே மதித்தனர்.

‘நன்று’ செய்த தீங்கு

இந்திய அரசுப் பணியில் இரகசிய அறிக்கை முறை நெடுங்காலம் வழங்கியது. எல்லைச் சாலைப் பணியில் இருந்த ஒரு பொறியாளருக்கு 1993-94-ஆம் ஆண்டு அறிக்கையில் ‘நன்று’ என்று எழுதப்பட்டிருந்தது. பதவி உயர்வுக்கு ‘மிக நன்று’ தேவை. அவருக்கு அது தெரிவிக்கப்படவே இல்லை. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. நல்லதோ கெட்டதோ, அறிக்கையின் ஒவ்வொரு குறிப்பும் உரியவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று 2008-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எழுதுவது எப்படி?

இவ்வரலாறு நமக்குத் தரும் பாடம் எளியது. நினைவை நம்பாமல், செய்ததை அவ்வப்போது ஒரு குறிப்பேட்டில் தேதியுடன் எழுதி வைக்க வேண்டும். ‘நன்கு உழைத்தேன்’ என்பது கருத்து, ‘தேங்கிய 120 கோப்புகளில் 95-ஐ முடித்தேன், மீதிக்கு உரிய ஆவணங்கள் வரவில்லை’ என்பது சான்று. உடன் உழைத்தவரின் பங்கையும் குறிப்பிட வேண்டும். குறையை மறைக்காமல் காரணத்தோடு கூற வேண்டும். அடக்கத்தின் பேரால் செய்த பணியைச் சொல்லாமல் விடுவதும் பிழையே. நாம் எழுதாமல் விட்ட இடத்தை நிரப்பப்போவது வேறொருவர் நினைவு. அதன் தன்மையைத்தான் மேலே கண்டோமே!