பேராதனைத் திறந்தவெளி அரங்கும் கூத்து மரபும்

1942இல் கொழும்பிலே தோற்றம்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகம், 1952 முதல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. மகாவலி கங்கையை அடுத்த அம்மலைச்சாரலின் மேடுபள்ளங்களுக்கு இயையவே வளாகம் உருப்பெற்றது. சரிவும் பள்ளமுமான ஓரிடம் கூரையற்ற நாடக முற்றமாயிற்று. குழி எனப் பொருள்படும் ‘வல’ என்ற சிங்களச் சொல்லே அதன் வழக்குப் பெயராய் நிலைத்தது. இன்று அது பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய 1956ஆம் ஆண்டிலேயே சரச்சந்திரவின் ‘மனமே’ கொழும்பில் மேடையேறியது. அதற்கு உருவம் தந்த ‘நாடகம’ என்னும் சிங்கள ஆடல் வடிவம், தமிழ்க் கூத்து மரபோடு நெருங்கிய உறவுடையது. மொழியால் நாடு பிளவுற்ற வேளையில், சிங்கள அரங்கின் மறுமலர்ச்சிக்குத் தமிழ் மரபும் ஊற்றாயிற்று என்பது ஊன்றி நோக்கற்பாலது. 1961இல் அவரது ‘சிங்கபாகு’ பேராதனைத் திறந்தவெளி அரங்கிலே அரங்கேறியது.

இம்முயற்சிகள் அவ்வளாகத்துத் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தனுக்கும் உந்துதல் அளித்தன. மட்டக்களப்புக் கூத்தினை அடிப்படையாகக் கொண்டு கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964) ஆகியவற்றை அவர் தயாரித்தளித்தார். அண்ணாவிமாரின் ஆட்டமும் பாட்டும் பல்கலைக்கழக மாணவரின் பயிற்சிக்குரியனவாயின. கிராமத்தவர்க்கே உரியது எனக் கருதப்பட்ட கலை கற்றோரின் மதிப்பைப் பெற்றது.

எனினும், இவ்விரு முயற்சிகளும் எதிர்த்திசைகளிற் சென்றன. சிங்கள நாடகம் மண்டபத்தினின்று திறந்த வெளிக்கு வந்தது. தமிழ்க் கூத்தோ திறந்த வெளியினின்று மண்டபத்துட் புகுந்தது. ஊர்க் களரி வட்டமானது. நடுவே அண்ணாவியாரும் மத்தளமும், சுற்றிலும் மக்கள். விடியும்வரை ஆட்டம் நிகழும். படச்சட்ட மேடைக்கு வந்த கூத்து, ஒருபுறமிருந்து மட்டுமே பார்க்கப்படுவதாயிற்று. கால அளவும் சுருங்கிற்று. செறிவும் பாத்திர வார்ப்பும் கிடைத்த பேறுகள். ஆடுவோரையும் காண்போரையும் ஒன்றாக்கிய களரியின் நெருக்கம் குறைந்தமை அதற்கு ஈடாகக் கொடுத்த விலை.

ஆகவே, பேராதனை முற்றத்தின் வரலாறு ஒரு கட்டடத்தின் வரலாறு மட்டுமன்று. ஒரே வளாகத்தில் இரு மொழியினர் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்ற காலத்தின் சான்றும் அதுவாகும். 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராய்ப் பொறுப்பேற்ற வித்தியானந்தனின் கலைப்பணிக்கும் பேராதனையே விளைநிலமாயிருந்தது. அக்கொடுக்கல் வாங்கலை மறந்து இரு அரங்குகளின் வரலாற்றையும் தனித்தனியே எழுதப் புகின், இரண்டும் குறைவுடையனவாகவே அமையும்.