கான்வாய்: வணிகக் கப்பல்களுக்குக் கடற்காவல்

போர்க்காலத்தில் சரக்குக் கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்து, போர்க்கப்பல்களின் துணையோடு அனுப்பும் முறை கான்வாய் எனப்படும். அமெரிக்கக் கண்டத்து வெள்ளியை ஏற்றிய ஸ்பானியக் கப்பல்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே இப்படித்தான் அட்லாண்டிக்கைக் கடந்தன. 1798இல் பிரிட்டன் இதைச் சட்டத்தாலேயே கட்டாயமாக்கியது. 1856ஆம் ஆண்டின் பாரிஸ் பிரகடனம் அரசு உரிமம் பெற்ற கடற்கொள்ளையை ஒழித்தது. நீராவிக் கப்பல்களும் பெருகின. இதனால் பிரிட்டிஷ் கடற்படை பழைய முறையை ஏறக்குறைய மறந்துபோனது. 1914 செப்டம்பரில் சென்னைமீது குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அதற்கு முன்பே வங்காள விரிகுடாவில் தனியே சென்ற கப்பல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டது.

1917 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் வரம்பற்ற தாக்குதலில் இறங்கின. ஏப்ரலில் மட்டும் 8 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் மூழ்கின. அப்போதும் கடற்படைத் தலைமை தயங்கியது. வணிகக் கப்பல் கேப்டன்களுக்கு வரிசை பிசகாமல் ஓட்டத் தெரியாது என்றார்கள். வாரத்துக்குச் சுமார் 2,500 கப்பல்கள் வருகின்றன, அதே அளவு புறப்படுகின்றன, இத்தனைக்கும் காவல் ஏது என்றும் கேட்டார்கள். ரெஜினால்ட் ஹென்டர்சன் என்ற அதிகாரி அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். கரையோரச் சிறு கலங்களெல்லாம் அதில் சேர்ந்திருந்தன. பெருங்கடல் கடந்து வந்தவை வாரத்துக்கு 120 முதல் 140 வரைதான். அச்சுறுத்திய எண் தலைமையகமே வெளியிட்ட எண் என்பதுதான் வேடிக்கை. மே 10 அன்று ஜிப்ரால்டரிலிருந்து புறப்பட்ட சோதனை அணி ஒரு கப்பலையும் இழக்காமல் பிரிட்டன் சேர்ந்தது.

காவல் கப்பலின் பீரங்கியைவிடக் கடலின் விரிவே பெரிய பாதுகாப்பு. நாற்பது கப்பல்கள் தனித்தனியே போனால் எதிரிக்கு நாற்பது வாய்ப்புகள். ஒன்றாகப் போனால் ஏறக்குறைய ஒன்றே. அணி இரட்டித்தாலும் காக்க வேண்டிய சுற்றளவு இரட்டிப்பதில்லை என்பதை இரண்டாம் உலகப் போரில் இயற்பியலாளர் பேட்ரிக் பிளாக்கெட்டின் குழு கணக்கிட்டுக் காட்டியது. சிறிய அணியே பத்திரம் என்ற கருத்து அதன்பின் நிற்கவில்லை.

அணி கலைந்தால் என்ன ஆகும் என்பதை ஆர்க்டிக் கடல் காட்டியது. 1942 ஜூலை 4 அன்று, ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பல் தாக்கக்கூடும் என்று அஞ்சி, ரஷ்யா நோக்கிச் சென்ற பி.க்யூ. 17 அணியைச் சிதறிப் போகும்படி லண்டன் உத்தரவிட்டது. டிர்பிட்ஸ் அந்த அணியை நெருங்கவேயில்லை. தனித்துப்போன சரக்குக் கப்பல்களில் 20க்கும் மேற்பட்டவற்றை விமானங்களும் நீர்மூழ்கிகளும் மூழ்கடித்தன. அட்லாண்டிக்கில் நிலைமை மாறியது 1943 மே மாதத்தில். அந்த ஒரே மாதத்தில் சுமார் 40 நீர்மூழ்கிகளை இழந்த ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸ், மீதியை வட அட்லாண்டிக்கிலிருந்து விலக்கிக்கொண்டார்.

ஈரான்–ஈராக் போரின்போது, 1987இல், அமெரிக்கா தன் கொடியேற்றிய குவைத் எண்ணெய்க் கப்பல்களுக்குப் பாரசீக வளைகுடாவில் காவல் கொடுத்தது. முதல் பயணத்திலேயே பிரிட்ஜ்டன் என்ற டேங்கர் கண்ணிவெடியில் மோதியது; ஆனாலும் ஓட்டம் நிற்கவில்லை. கண்ணிவெடியைத் தாங்கும் உடல் அந்தப் பெரிய டேங்கருக்கே இருந்ததால், எஞ்சிய தூரம் காக்க வந்த போர்க்கப்பல்கள் அதன் பின்னால் வரிசையாகச் சென்றன.