விலகினாரும் நின்றாரும்

படைத்தொழிலை மேற்கொண்ட அதிகாரி ஒருவர் அதனைக் கைவிடுதற்குக் காரணங்கள் பல. உயர்பதவி உரிய காலத்திற் கிட்டாமை, மேலோரொடு மாறுபாடு, உடல்நலக் குறைவு, மனைமக்களைப் பிரிந்து நெடுந்தொலைவில் வாழும் துன்பம் என்பன எந்நாட்டிலும் எக்காலத்தும் காணப்படுவன. இவற்றினும் வலியது ஒன்றுண்டு. பிறந்த மண்ணும் சுற்றமும் ஒருபுறம் அழைக்க, செய்துகொடுத்த உறுதிமொழி மறுபுறம் பிணிக்குமாயின், அவர் செய்யத்தக்கது யாது? அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சேனையதிகாரிகள் 1861 ஆம் ஆண்டில் இவ்வினாவிற்கு விடையிறுக்க வேண்டியவராயினர். அவ்வரலாற்றை நம் அன்பர்கட்கு ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அந்நாட்டின் தென்பகுதி மாகாணங்கள், கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்தாளும் வழக்கத்தைக் காத்தற்பொருட்டு, 1860 டிசம்பர் முதல் ஒவ்வொன்றாகக் கூட்டாட்சியினின்றும் பிரிந்தன. வர்ஜீனியா மாகாணத்துப் பேரவை 1861 ஏப்ரல் 17 ஆம் நாள் பிரிவதெனத் தீர்மானித்தது. அக்காலை ஐக்கிய நாட்டுச் சேனையிலிருந்த அதிகாரிகள் ஏறக்குறைய ஆயிரவர். அவருள் நாலில் ஒரு பங்கிற்குச் சற்று மேற்பட்டோர் விலகித் தென்பகுதியாரொடு சேர்ந்தனர். சிப்பாய் ஒப்பிய காலம் முடியுமளவும் பணிபுரியக் கடமைப்பட்டவன். அதிகாரியோ ராஜிநாமாக் கடிதம் எழுதி விலகலாம். ஆதலின் நிற்பதா, நீங்குவதா என்னும் சுமை அதிகாரியின் தலைமேலேயே வீழ்ந்தது.

1855 இல் அமைக்கப்பெற்ற இரண்டாம் குதிரைப்படையை எடுத்துக்கொள்வோம். அதன் கர்னல் ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டன். லெப்டினண்ட் கர்னல் ராபர்ட் லீ. மேஜர்கள் வில்லியம் ஹார்டி, ஜார்ஜ் தாமஸ் என்னும் இருவர். நால்வரும் அடிமை வழக்கம் நிலவிய மாகாணங்களிற் பிறந்தவர். மூவர் விலகினர், தாமஸ் ஒருவரே நின்றார்.

லீ 1829 இல் வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரியினின்று வெளிவந்தவர். முப்பத்திரண்டு ஆண்டு உழைத்த பின்னரே, 1861 மார்ச்சு மாதத்தில், கர்னல் பதவி எய்தினார். அக்காலத்தில் அதிகாரிகட்கு ஓய்வளிக்கும் சட்டம் இல்லை. 1861 ஆகஸ்டிலேதான் அது பிறந்தது. முதியோர் பதவியை விடாராக, இளையோர் காத்துக் கிடந்தனர். எனினும் லீ விலகியது பதவியைக் கருதியன்று. ஏப்ரல் 18 ஆம் நாள் கூட்டாட்சிப் பெருஞ்சேனையின் தலைமையே அவரை நாடி வந்தது, மறுத்தார். 20 ஆம் நாள் ராஜிநாமாச் செய்தார். பிரிவினை தமக்கு உடன்பாடன்று எனினும், உறவினர்மீது வாளெடுக்க இயலாதென்பதே அவர் கூறிய காரணம். ஆயின் மூன்று நாளில் வர்ஜீனியாப் படையின் தலைமையை ஏற்று, தாம் நெடுநாள் பணிபுரிந்த சேனைக்கு எதிராகவே நின்றார். அவருடன் பிறந்த பெண்மணி ஒருவரோ கூட்டாட்சியையே சார்ந்தார். உறவென்பதும் ஒரு பக்கமே நிற்பதன்று போலும்!

தாமஸும் வர்ஜீனியர், 1816 இல் அடிமைகளையுடைய குடும்பத்திற் பிறந்தவர். அவர்க்கும் விலகுதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1860 இறுதியில் வீழ்ந்து முதுகிற் காயமுற்றமையால், படைத்தொழிலை விட்டு வர்ஜீனியாவிலுள்ள படைக்கல்லூரியில் அலுவல் பெறலாமோ என வினவியெழுதினார். ஆயினும் 1861 மார்ச்சில் அம்மாகாணத்துக் கவர்னர் தம் படைக்கலத்துறையின் தலைமையை அளிக்க முன்வந்தபோது மறுத்துவிட்டார். அவர் மனைவி நியூயார்க் மாகாணத்தவர். அதுவே காரணமென்பார் உளர். அவர்க்கும் முன்னமே, வர்ஜீனியரும் சேனை முழுமைக்கும் தலைவருமாகிய முதியவர் வின்பீல்ட் ஸ்காட் விலகாது நின்றார். ஆதலின் பிறந்த மண் ஒன்றே முடிவைத் தந்தது என்னல் பொருந்தாது.

1863 செப்டம்பரில் சிக்கமாகா என்னுமிடத்துப் போரில் கூட்டாட்சிச் சேனையின் ஒரு பகுதி சிதறியோட, சேனாபதியும் களத்தை விட்டகன்றார். தாமஸ் தம் பகுதிப் படையொடு மாலையளவும் குன்றின்மேல் நின்று பகைவரைத் தடுத்தார். 'சிக்கமாகாவின் பாறை' என்னும் பெயர் அதனால் வந்தது. 1864 டிசம்பரில் நாஷ்வில் போரில் அவர் வெற்றி கண்டார். அடிமைத்தளை நீங்கிய கறுப்பினப் போர்வீரரும் ஆண்டு அவர்கீழ்ப் பொருதனர்.

இப்புகழனைத்தும் அவர் பிறந்த வீட்டு வாயிலிற் செல்லவில்லை. உடன்பிறந்த பெண்மணிகள் அவரது படத்தைச் சுவர்ப்புறம் திருப்பி வைத்தனர் என்பர். போருக்குப்பின் அவர் செய்ய முன்வந்த உதவியையும் தமக்கு அப்படியொரு சகோதரர் இல்லையென்று மறுத்தனராம். 1870 இல் அவர் இறந்தபோது, அடக்கத்திற்கு அவர்தம் இரத்த உறவினர் ஒருவரும் வந்திலர்.

நிற்க. சுற்றத்தை விட்டு உறுதிமொழியைக் காத்தவர்க்கு வந்த தண்டனை பகைவரால் வந்ததன்று, சுற்றத்தாரால் வந்தது. நம்மினத்து இளைஞர் படையிலும் அரசு அலுவல்களிலும் அமர்வதை நாம் பெருமையாகப் பேசுகின்றோம். அமர்ந்தபின், நம்மவர் என்னும் உரிமை பற்றி முறையல்லாதது ஒன்றை அவரிடம் வேண்டி, அவர் மறுப்பின், 'இவன் நமக்கு ஆகாதவன்' என்று ஒதுக்குவதும் நம்மிடையே உண்டு. கடமையில் நிற்பார்க்கு வேண்டும் துணிவு அவரைச் சார்ந்தது. அவர் திரும்பி வருங்கால் கதவைத் திறந்து வைக்கும் பொறுப்பு வீட்டிலுள்ள நம்மைச் சார்ந்தது. வர்ஜீனியாவில் அக்கதவு திறக்கப்படவேயில்லை. நம் இல்லங்களில் அவ்வாறு நிகழாதிருத்தல் வேண்டும்.